தந்தி வந்தால் நம்பாதே

பழவேற்காடு,
10-10-1986

அன்புள்ள பேரன் சகாதேவனுக்கு ஆயா முத்தம்மாளின் ஆசீர்வாதம். நான் கல்லாட்டம் இருக்கிறேன். அதை முதலில் மனதில் வை.

நேற்றுக் கோயில் எதிரே ஊர்க்கூட்டம். ஊர்த்தலைவர் நாட்டார் ஆதிகேசவன், அவர் மச்சான் கண்ணப்பன், உன் தாய்மாமன் ராமன், உன் நைனா தசரதன், எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பொம்பளையில் நான் ஒருத்திதான், கூப்பிடாமல் போனவள்.

ஏரியில் வலை போட முறைவைத்து உனக்கு வருகிற 'பாடு' பற்றித்தான் பேச்சு. தீபாவளி கழித்து உன் முறை. ஆள் ஊரில் இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள். நீ பாட்டியாலா கேம்பில் இருக்கிறாய், அடுத்த வருஷத்து ஆசிய வாலிபால் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள், நடுவில் எழுந்து வந்தால் அதோடு போச்சு என்று நான் சொன்னேன். கண்ணப்பன் சிரித்தான். "இங்க வலை போடுடான்னா, அங்க வலைக்கு மேல குதிக்கிறானா பெரிம்மா?" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவில் வந்தபோது நீ சொன்னதில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினது எழுபத்திரண்டில் ஜப்பான், அப்புறம் போலந்து, அப்புறம் ரஷ்யா, எண்பத்துநாலில் அமெரிக்கா என்று ஒப்பித்தேன். அந்த ஜப்பான்காரனையே இப்போது சியோலில் தோற்கடித்து நம் பசங்கள் வெண்கலம் வாங்கினார்களே, ரேடியோ கேட்கிற காது ஊரில் ஒன்றுமில்லையா என்றேன். "அந்தப் பசங்களோட நிக்கத்தான் என் பேரன் போயிருக்கான். உங்க வரிசைல பேரு இல்லாட்டி இன்னாடா?"

நாட்டார் கொஞ்சம் இறங்கி வந்தார். வீட்டு ஆள் ஒருத்தர் பதிலுக்கு வலை போட்டால் பெயர் நிற்கும் என்றார். உன் நைனா ஒரு வார்த்தை, நான் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஒண்டியாளாக ஆகாது என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "ஆயா சாகக் கெடக்குதுன்னு ஒரு தந்தி குடுத்தா ஓடியாந்துடுவான். தீபாவளிக்கு முன்ன குடுத்துடறேன்." கூட்டம் சரி என்றது. நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

தந்தி வந்தால் கிழித்துப் போடு. பெயரை எடுத்தால் எடுக்கட்டும். பொன்னேரிக்கு மீன்கூடை தூக்கிக்கொண்டு நான் இன்னும் போய்வருகிறேன். நான் நிஜமாகவே விழுந்தால் இதே கையெழுத்தில் கடிதம் வரும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஜைனம்பு எழுதுகிற எழுத்து இது, பார்த்து வைத்துக்கொள். அது வந்தாலும் ஆள் எடுத்து முடிந்த பிறகு வா. நான் காத்திருப்பேன்.

கங்கையம்மா உன் தோளுக்குத் துணை இருக்கட்டும். எகிறி அடி.

ஆதிகேசவன் ஊருக்காகப் பேசினான், போகட்டும். கண்ணப்பன் சிரிப்பையும் ஒருநாள் விட்டுவிடுவேன். பெற்றவளைச் சாகக் கிடக்கிறாள் என்று சொல்லிப் பிள்ளையை இழுக்கப் பார்த்தவனை மட்டும் மன்னிக்கமாட்டேன். என் தசரதனை.