இடது கால் ஷூ

அன்புத் தோழிக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்தது. நெய்வேலியில் வெயில் கொளுத்துகிறது. முல்லைத்தீவில் மழை உண்டா?

இங்கே அகதி முகாமில் நீ இருந்த காலத்தில், மழை வந்தால் உன் மகள் நிலானியை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கு ஓடி வருவாய். அவள் இப்போது காட்டுக்கு விறகு பொறுக்கப் போகிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய்.

அதனால்தான் ஷூ அனுப்பத் தோன்றியது. எங்கள் மாதர் சங்கத்தில் வீடு வீடாகக் கேட்டு, சுரங்கத்து ஆட்கள் போடும் ஷூவில் சின்ன அளவாக நாற்பது ஜோடி சேர்த்து உங்கள் சங்கத்துக்கு அனுப்பினோம். பக்கத்து வீட்டுச் செங்குட்டுவன் அண்ணன் தன் புது ஜோடியைக் கொடுத்து, "கல்லே வுழுந்தாலும் காலுக்கு ஒண்ணும் ஆவாதும்மா" என்றார். அதையே சீட்டில் எழுதி ஒவ்வொரு ஜோடியிலும் வைத்தேன். பயமில்லாமல் நடக்கட்டும் என்று நினைத்தேன்.

உங்கள் காட்டில் இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்று நீ சொல்லித்தான் இருந்தாய். எங்களுக்கு ஆபத்து என்றால் மேலேயிருந்து விழுவது. சுரங்கத்து ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான்.

நிலானியைப் பற்றிக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

பார்சலில் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. காட்டு மண் ஒட்டிய இடது கால் ஷூ மட்டும் இருந்தது. அதற்குள் என் சீட்டு.

இனி எழுதலாமா என்று தெரியாத,
உன் நெய்வேலித் தோழி