சுலபத்தில் அடைபடாத குழாய்

2024 மே 6
ஆலங்குடாவில் காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர் வந்து குவிகிறார்கள். என் மனுசன் கீதனின் ஓட்டோ வாசலிலேயே நிற்கிறது. இவருக்குக் கண் முழுக்க மஞ்சள். முதுகைச் சொறிந்து சொறிந்து சட்டையெல்லாம் இரத்தம். "சீப்பால இழு நிசாந்தி" என்கிறார். செங்கமாரிக்கு அம்மா அரைத்துத் தந்த கீழ்க்காய்நெல்லி ஒன்றும் செய்யவில்லை.

மே 9, கொழும்பு
கணையத்தில் கட்டி. புற்றுநோய். அது பித்தக் குழாயை நெரிப்பதால் பித்தம் குடலுக்குள் இறங்க வழியில்லாமல் இரத்தத்தில் ஏறுகிறதாம். வாய்வழியாகக் கமராவை இறக்கி, அடைபட்ட இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள். கட்டியை வெட்டி எடுக்கலாமா என்று பார்க்கும்வரைக்கும்தான் இதுவாம்.
வெட்டி எடுக்கலாம். எடுப்பார்கள்.

ஜூன் 2
சிறுநீர் தெளிவாகப் போனதாம். சின்னப்பிள்ளை போல ஓடிவந்து சொன்னார்.

ஜூன் 27
காலையில் குளிர் நடுக்கம். பல் அடித்துக்கொண்டது. இருந்த போர்வையெல்லாம் போர்த்தியும் கட்டில் ஆடியது. இவரோடு ஒரே தரிப்பிடத்தில் ஓட்டோ ஓடுகிற ஜப்பார் நானாதான் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழாய் அடைபட்டுக் கிருமி ஏறிவிட்டதாம். உடனே கொழும்புக்கு அனுப்பினார்கள். சிலாபம் தாண்டும்போது முன்னேஸ்வரம் கோயில் இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். அம்புலன்ஸ் நிற்காமல் போனது.

ஜூன் 29
இந்த முறை உலோகக் குழாய். கம்பி வலை மாதிரி, உள்ளே போனதும் தானாக விரியுமாம். பிளாஸ்டிக்கைப் போலச் சுலபத்தில் அடைபடாதாம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.
"அப்ப இதை ஏன் முதலே வைக்கேல்லை, டொக்டர்?" என்று கேட்டேன்.
அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். தமிழ் நர்ஸ் மிஸ்ஸி இன்னும் மெதுவாகச் சொன்னா. முதலில் சத்திரசிகிச்சை செய்யும் எண்ணம் இருந்ததாம். இப்போது கட்டி பெரிய இரத்தக் குழாய்களைச் சுற்றிவிட்டது. வெட்ட ஏலாது. அதனால்தான் நெடுநாள் நிற்கிற குழாய். இருக்கிற காலத்தைச் சொறிச்சலும் காய்ச்சலும் இல்லாமல் கழிக்கலாம்.
இருக்கிற காலம் எவ்வளவு? மாதங்கள் என்றார்.
வாட்டுக்குப் போனேன். இவர் கண்ணைத் திறந்தார்.
"கம்பிக் குழாயாம் நிசாந்தி! இனி லேசில அடைபடாதாம்."
ஓம் என்றேன்.

ஜூலை 8
கண்ணில் மஞ்சள் குறைகிறது. சொறிச்சல் இல்லை. இன்று பாரைமீன் குழம்போடு இரண்டு தரம் சோறு கேட்டார். "நல்லாத் தேறினால்தான் ஒப்பரேசனுக்கு எடுப்பாங்கள்" என்றும் சொன்னார். மகள் யதுர்சிகா என் முகத்தைப் பார்த்தாள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.
பசிக்க வேணும் எண்டுதானே கும்பிட்டனான். இப்ப இந்த மனுசன் சாப்பிடுறதைப் பாக்க ஏலாமல் கிடக்கு. கடவுளே, நான் என்ன செய்ய?

ஜூலை 19
"ஒப்பரேசன் இல்லை எண்டால் இல்லை எண்டு சொல்லு. மறைச்சு மறைச்சுத் திரியாதை."
சொன்னேன். எல்லாவற்றையும்.
சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். "அப்ப என்னத்துக்கு இந்தக் குழாய்? சாகப் போறவனுக்கு என்னத்துக்கு?"
சுவரில் வழிந்த பருப்பைத் துடைத்தேன்.

ஜூலை 22
இன்றும் என் பக்கம் திரும்பாமல் ஓட்டோவுக்குள் போய் இருந்தார்.

ஜூலை 27
காலையில் வாசலில் நின்று கூப்பிட்டார். "ஏறு."
"ஆர் ஓடுறது?"
"நீ."
"எனக்கு ஏலாது."
"எனக்கும் இனிக் கனநாள் ஏலாது. ஏறு."
பக்கத்தில் ஒண்டிக்கொண்டு இருந்தார். நான் நேரே போய் வேலியில் இடித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.
"அழுதழுது ஓடலாம். கண்ணை மூடிக்கொண்டு ஓடேலாது. கிளச்சை மெல்ல விடு."

செப்டம்பர் 15
நுரைச்சோலைச் சந்தி வரை ஓடினேன். திரும்பிப் பார்த்தால் பின் இருக்கையில் இவர் நித்திரை. எழுப்ப மனம் வராமல் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினேன்.

நவம்பர் 21
எலும்பும் தோலுமாகிவிட்டார். நோவுக்குக் கொடுக்கிற மருந்து காணாது. கண் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. குழாய் தன் வேலையைச் செய்கிறது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. தண்ணீரைக் கரண்டியால் பருக்கினேன். "யதுவைப் படிக்க வை" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். களைத்துப் போனார்.
போகாதேங்கோ. போகாதேங்கோ, யதுட அப்பா.

2025 ஜனவரி 20
இவருடைய முப்பத்தோராம் நாள் காரியங்கள் போன கிழமை முடிந்தன. இன்று ஓட்டோவைக் கொண்டுபோய்த் தரிப்பிடத்தில் விட்டேன். முன்னால் நின்ற ஆண்கள் கதையை நிறுத்தினார்கள். நான் ஹாண்டிலைப் பார்த்தபடி இருந்தேன். ஒவ்வொன்றாக வாகனங்கள் போயின. ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்து ஜப்பார் நானாவிடம் கல்பிட்டிக்குப் போகவேண்டும் என்றது. அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.
"தங்கச்சி, உங்கட முறை."
ஏறச் சொன்னேன்.