பச்சை நாற்காலியில் வந்த அமைதி

அன்புள்ள மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு நர்ஸம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாயிருக்க ஆண்டவர் துணையிருக்கட்டும். இங்கேயும் நலம் என்று சொல்லிவிடலாம்தான், நர்ஸம்மா பொய் எழுத மாட்டேன் என்கிறாள். நேற்றிலிருந்து அம்மாவுக்குப் பாலும் இறங்கவில்லை, கட்டி ஈரல் வரை போய்விட்டது, இனி கத்தி வைத்துப் பயனில்லை, வலிக்கு மட்டும் ஊசி என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். என் போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

ஏழு மாதம் முன்னால் அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணுங்கப்பா என்று நீ போனில் அழுதாய், ஆண்டவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேதம் படிக்க எனக்கு எழுத்து தெரியாது, பாதர் சொல்லித் தந்த ஒன்றுதான் தெரியும், வாயை மூடி உட்கார், இரண்டு வழியையும் அவர் முன்னால் வை, எதை நினைத்தால் மனசில் அமைதி தங்குகிறதோ அந்தப் பக்கம் போ என்பார். முப்பத்து நான்கு வருஷம் சலவை ஆலையில் பாய்லர் பார்த்தவன், ஆவிச் சத்தத்தை வைத்தே எந்த வால்வு மக்கர் பண்ணுகிறது என்று சொல்லுவேன், என் மனசு எனக்குத் தெரியாதா என்ற தைரியம். உன் கல்யாணத்துக்கும் அப்படித்தான் உட்கார்ந்தேன், தப்பாகவில்லை. இந்தத் தடவை மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அலைந்துவிட்டு வந்து மத்தியானம் ஜன்னலோரப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தேன், ஆபரேஷன் வேண்டாம் என்று நினைத்துப் பார்த்தேன், உடம்பெல்லாம் லேசாகி ஒரு அமைதி வந்தது. எழுந்துபோய் வேண்டாமாம் என்று அம்மாவிடம் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன், நீ போனை வைத்தாய்.

முந்தாநாள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டே, அன்றைக்கு எவ்வளவு தெளிவாக வந்தது தெரியுமா என்றேன். அந்த நிலைமையிலும் சிரித்தாள். என்ன தெளிவு, கால் மணி நேரம் குறட்டை விட்டீங்க, எழுப்ப மனசு வரலை என்றாள். அப்புறம் ஏண்டி தலையாட்டினே என்றேன். எனக்கும் கத்தின்னா பயம், நீங்க சொன்னா ஆண்டவர் சொன்ன மாதிரி ஆயிடும்ல என்றாள். பாய்லர் முன்னால் ஒரு நாள் கண்ணசந்ததில்லை மகளே, அவர் முன்னால் அசந்துவிட்டேன். களைப்பு தீர்ந்ததை அவர் பதில் என்று எடுத்துக்கொண்டேன். நீ சொன்னபடி செய்திருக்க வேண்டும்.

பாவமில்லை என்கிறார் பாதர், நல்ல மனுஷன், வேறென்ன சொல்வார். இப்போதும் உட்காருகிறேன், ஒன்றும் வருவதில்லை, வந்தாலும் நம்ப மாட்டேன். நாற்காலியை அம்மா கட்டிலோரம் இழுத்துப் போட்டாயிற்று. நெருப்பை அணைத்தபின் பாய்லர் ஆறும்போது விட்டு விட்டு ஒரு சத்தம் வரும், இவள் மூச்சு இப்போது அப்படித்தான் இருக்கிறது. நர்ஸம்மா பத்து நாள் என்கிறாள். வரட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்காதே, சொல்கிற யோக்கியதை போய்விட்டது.

உங்கள் மூவரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. என்னிடம் பேச வேண்டாம், நர்ஸம்மாவுக்குப் போன் போடு, அம்மா காதில் வைப்பாள். காது இன்னும் நன்றாகக் கேட்கிறது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் உன் அப்பா