பாலத்தடியில் சிக்கிய சிவப்பு நூல்

அக்கா,

இன்று காலை மழை விட்டதும் தெருவில் அந்த வாசனை எழுந்தது. சாக்கடைச் சேறு, அழுகின வாழையிலை, யாரோ வாசலில் தெளித்த பினாயில் எல்லாம் கலந்த வாசனை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கு அது வந்தால் நீங்கள் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. நேரில் சொல்லியிருந்தால், "நல்ல செண்டாப் பாத்து வச்சிருக்க எனக்கு" என்று சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இதற்குள் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும்.

நம் தெரு சரிவு. நடந்தால் தெரியாது, மழை பெய்தால் தெரியும். மேல்முனையில் என் இட்லிக் கடை. கீழ்முனையில் உங்கள் வீடு, முன்னறையில் தையல் மிஷின். சாக்கடை என் கடையை ஒட்டித் தொடங்கி, உங்கள் வாசலைத் தொட்டு, சின்னப் பாலத்துக்கு அடியில் நுழைந்து வாய்க்காலில் விழும். வாய்க்கால் வயல்களுக்குப் போகும், மிச்சம் முல்லையாற்றுக்கு. பத்து வருடம் அங்கே கடை வைத்திருந்தும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

தெருவுக்கே நீங்கள் டெய்லரம்மா. எனக்கு அக்கா. தைத்து மிச்சமான நூல்கண்டுகளைப் பொட்டலம் கட்ட எனக்குத் தருவீர்கள். இது நடந்த ஐப்பசியில் நீங்கள் தந்தது சிவப்பு நூல். சாம்பார் கவர், சட்னி கவர் எல்லாவற்றின் கழுத்திலும் அந்தச் சிவப்புதான்.

இரண்டு நாளாகக் குப்பை வண்டி வரவில்லை. கடைக்குப் பின்னால் இரண்டு மூட்டை சேர்ந்திருந்தது. கவர் வேண்டாம், பாத்திரம் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று பயந்து நான் கவர்களை விடாமல் வைத்திருந்த காலம் அது. அன்று சாயங்காலம் மேற்கே மலை மறைந்து மழை இறங்கியது. ஈ மொய்க்கிற மூட்டைகளைப் பார்த்தேன். சாக்கடையில் தண்ணீர் வேகமாக ஓடியது. பாத்திரம் கழுவும் முருகாயி அப்போது உள்ளே சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு மூட்டையையும் இழுத்துப்போய், வாயை அவிழ்த்து, சாக்கடைக்குள் கவிழ்த்தேன். மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன்.

பாலத்தடியில் போய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் எதிர்த்து ஏறி உங்கள் வாசற்படியைத் தாண்டிவிட்டது. பண்ணைப்புரத்துக் கல்யாணப் பெண்ணுக்குத் தைத்து, கீழே விரிப்பின்மேல் மடித்து வைத்திருந்த எட்டு ரவிக்கையும் பாவாடையும் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தன. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது.

மறுநாள் காலை நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். சாப்பிட ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கையில் பிளாஸ்டிக் பேசின். பாலத்தடியில் நீங்களே கைவிட்டு எடுத்த கவர்களை ஒவ்வொன்றாக என் படியில் வைத்தீர்கள். கத்தவில்லை.

"இந்த நூலு யாரு குடுத்ததுன்னு தெரியுதா ஆத்தா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் முதலில் வந்த பெயர் முருகாயி.

"இவதான்க்கா. வண்டி வரட்டும், ஓரமா வையின்னு சொன்னேன். கொண்டுபோயிக் கொட்டிட்டா போல."

முருகாயி கரிச்சட்டியோடு வாசலுக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். யாரோ ஒருவர், "படிக்காததுக வேல இப்பிடித்தான் இருக்கும்" என்றார். அவள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதற்குப்பிறகு வேலைக்கு வரவில்லை. புருசனோடு மயிலாடும்பாறைக்கே போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நீங்கள் அந்தத் துணிகளை அலசிப் பார்த்தீர்கள், கறை போகவில்லை. புதுத்துணி எடுத்து மிஷினைவிட்டு எழுந்திரிக்காமல் தைத்து, கல்யாணத்துக்கு முதல்நாள் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். எனக்கு உங்கள் வீட்டுப் பக்கம் வரத் தைரியம் இல்லை. மேல்பக்கமாகவே சுற்றிப் போய் வந்துகொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து நீங்களே வந்தீர்கள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு.

"வா, அந்தப் பாலத்த ஒருவாட்டி பாத்துட்டு வருவோம். என்னால தனியாத் தூக்க முடியல."

அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கூப்பிட்டீர்களே என்று வந்தேன்.

அன்று பாலத்தடியில் எடுத்ததை இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது. கவர், ஷாம்பு பாக்கெட், மருந்துப் பாட்டில், ஒற்றைச் செருப்பு, கோழி இறகு, ஒரு தலையணை. அடியில் இருந்த சேற்றை வெட்டி மேலே போட அரைநாள் ஆனது. முடித்துவிட்டு நீங்கள் வாய்க்காலைக் காட்டினீர்கள். நம் தெருவைத் தப்பிப் போனதெல்லாம் அங்கே வயல் மடையில் போய் ஒட்டிக் கிடந்தது. ஒரு ஆள் குனிந்து வயலுக்குள் வந்த கவர்களைப் பொறுக்கி வரப்பில் எறிந்துகொண்டிருந்தார். நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்தாளுக்கு நம்ம தெரு எங்கன இருக்குன்னே தெரியாது" என்றீர்கள்.

அதிலிருந்து இரண்டு வருடம். விடியற்காலையில் நீங்கள் சுபுஹு தொழுதுவிட்டு வருவீர்கள், நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வருவேன். முதலில் என் தம்பியின் திராட்சைத் தோட்டத்தில் பறவைக்குப் போட்டிருந்த பழைய வலையை வாங்கிவந்து, நீங்கள் நாலாக மடித்துத் தைத்தீர்கள். பாலத்துக்கு முன்னால் கட்டினோம். நன்றாகத்தான் பிடித்தது. கார்த்திகையில் ஒரு மழைக்கு அந்த வலை முழுக்க இலையும் கவரும் அப்பி, தண்ணீர் மறுபடி தெருவில் ஏறியது. முன்பு உங்கள் ஒரு வீட்டுக்குள் வந்தது, இந்தமுறை மூன்று வீட்டுக்குள் வந்துவிட்டது. "ரெண்டு பொம்பளைக சேந்துக்கிட்டு தெருவ முக்கப் பாக்குறாக" என்று பேசினார்கள். நான் விட்டுவிடலாம் என்றேன். நீங்கள் நனைந்த வலையைப் பிழிந்துகொண்டே, "வல தப்பில்ல, நாம வச்ச விதம் தப்பு" என்றீர்கள்.

பட்டறையில் சொல்லிக் கம்பித் தட்டி அடித்தோம். சாக்கடை உயரத்துக்குப் பாதிதான். குப்பை கீழே நிற்கும், வெள்ளம் வந்தால் மேலாக வழிந்து போய்விடும். மேகம் கருத்தால் முதலில் தட்டியைக் காலி செய்ய வேண்டும். தினமும் எடுத்ததை வண்டியில் போட வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் தட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் ஆட்கள் முன்னைவிட அதிகமாகப் போட்டார்கள்.

அப்போதுதான் நீங்கள் வீடுவீடாகப் போக ஆரம்பித்தீர்கள். ஒரு வீட்டு மாத்திரை அட்டைகளைக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போய், "ஒங்க வீட்டுச் சாமான் பாலத்துக்கிட்ட கெடந்துச்சு. வேணுமோ என்னமோன்னு கொண்டாந்தேன்" என்று நீட்டினீர்கள். அந்த வீட்டு ஓய்வுபெற்ற சார் முகம் சிவந்து கதவைச் சாத்தினார். அடுத்த வாரம் அவர் வாசலில் மூடிபோட்ட வாளி இருந்தது. நானும் கவரை விட்டேன். நீங்கள்தான் முதல் ஆளாகத் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நின்றீர்கள். கொஞ்சம் பேர் அடுத்த கடைக்குப் போனார்கள். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

வேலை முடிந்ததும் என் கடைப் பின்கட்டில் டீ குடிப்போம். மகள் கேரளாவில் இருப்பது, முட்டிவலி, பாளையத்தில் எந்தக் கடையில் லைனிங் துணி நல்லது என்று எல்லாம் பேசுவீர்கள். அந்த மழைநாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதே இல்லை. எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இந்த டீ போய்விடும் என்று விழுங்கினேன்.

தேனி ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டீர்கள்:

"முருகாயியப் பாத்தியா?"

"இல்லக்கா."

"ஒருவாட்டி போயிட்டு வா."

ஏன் என்று கேட்க எனக்குப் பயம். அடுத்த சுளையை நீட்டினேன். அதற்கு எட்டாம் நாள் உங்களை அடக்கம் செய்யப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம்.

போக எனக்கு ஐந்து மாதம் ஆனது. ஆண்டிபட்டியில் பஸ் மாறி, மயிலாடும்பாறையில் விசாரித்துக்கொண்டு போனேன். முருகாயி அப்போதுதான் நூறு நாள் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்கக்கா" என்றாள், சிரிக்காமல். தண்ணீர் கொடுத்தாள். நான் நின்றபடியே சொன்னேன், நான்தான் கொட்டினேன், உன் பேரைச் சொல்லிவிட்டேன் என்று.

"தெரியும்க்கா" என்றாள். "டெய்லரம்மாவுக்கும் தெரியும். மழைக்கு ஜன்னலச் சாத்தயில நீங்க மூட்டைய இழுத்துட்டு வந்தத அவுக பாத்தாக. பத்து நாளு கழிச்சு எங்க வீட்டுக்கு வந்து, நீ செய்யலன்னு எனக்குத் தெரியும் தாயின்னு சொல்லிட்டுப் போனாக."

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கே ஏன் என்னயக் கேக்கல?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அத்தன பேரு முன்னால கேட்டா, பொய்யி மேல பொய்யி சொல்லுவா. கூட வச்சுக்கிட்டா என்னைக்காவது அவளாச் சொல்லுவா'ன்னாக." சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள். "அவுக வந்தது எனக்கு ஆறுதல்தான். ஆனா அவுகளுக்கு நீங்க சொல்ற வரைக்கும் பொறுத்திருக்க முடிஞ்சுச்சு. தெருவுல என் பேரு அப்பிடியேதான கெடந்துச்சு?"

உங்களுக்காகவும் நான்தான் தலைகுனிந்தேன், அக்கா. உங்கள் பொறுமையின் பாரத்தில் ஒரு பங்கு அவள் தலையில் இருந்திருக்கிறது.

"நான் என்ன செய்யணும், முருகாயி?"

"அன்னைக்கு எங்கன வச்சு சொன்னீக? அங்கனயே சொல்லிருங்க."

அடுத்த திங்கட்கிழமை, காலையில் கடையில் கூட்டம் இருந்தபோது சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, படியில் இறங்கி நின்று, அந்த மழையன்று குப்பையைக் கொட்டியது முருகாயி இல்லை, நான் என்றேன். வாளி வைத்த சார், "அதுக்கு இப்ப என்னம்மா, ரெண்டு இட்லி போடு" என்றார். அன்று 'படிக்காததுக வேல' என்று சொன்னவர் மட்டும் பார்சலை வாங்காமல் போய்விட்டார். இன்றுவரை வரவில்லை. அவருக்கு என்மேல் கோபமா, தான் சொன்னதன்மேல் கோபமா, தெரியவில்லை.

முருகாயிக்குப் போன் போட்டேன். "யாராரு இருந்தாக?" என்று கேட்டாள். ஒவ்வொருவர் பெயராகச் சொன்னேன். எல்லாப் பெயரையும் கேட்டுவிட்டு, "சரிக்கா" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தட்டியை இப்போதும் தினமும் எடுக்கிறேன். சில நாள் இரண்டு பேர் வருகிறார்கள், சில நாள் யாரும் வருவதில்லை. கை வேலையில் இருக்கும்போது மனசு அந்த இரண்டு வருடத்துக்குத்தான் போகிறது. நாம் டீ குடித்த காலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். இதோ இங்கே முகத்தில் தெரிந்திருக்கும், இந்தப் பேச்சில் குத்தியிருப்பீர்கள் என்று தேடுகிறேன். உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, "டம்ளரு சுடுது பாத்துப் புடி ஆத்தா" என்று சொல்லியிருக்கிறீர்கள். எந்தக் காலையிலும் உங்கள் முகத்தில் அந்தக் குத்தல் இல்லை, அக்கா.