அம்மா அணைக்காத கம்ப்யூட்டர்

பாறசாலை,
மாசி 12

அன்புள்ள ராஜீவுக்கு அப்பா எழுதுவது. கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும், விசாரித்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது உன் கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதுவும் போன வாரம் வேலையை முடித்துவிட்டது. பங்குனியில் அம்மாவின் முதல் திவசத்துக்கு வருகிறாயாம், பொழியூர் கடலில் நீயே பலிச்சோறு போடவேண்டுமாம், என் தங்கை மகன் சிவபிரசாத் வந்து சொன்னான். என்னிடம் நேரே கேட்க உனக்கு நாக்கு எழவில்லை. அதற்குத்தான் இந்தப் பதில்.

நார்வேக்குப் போகும்போது நீ அந்தக் கம்ப்யூட்டரைப் படுக்கையறையில் ஓடவிட்டு, பத்துக்கோடி இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்கிறது, அணைக்காதே அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டை இரண்டாலேயே பெருக்கிக்கொண்டு போய்க் கடைசியில் ஒன்றைக் கழித்தால் வரும் எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாவிட்டால் பகா எண் என்று, கணக்கு வாத்தியாராக இருந்த நான் அவளுக்கு விளக்கினேன். அவள் மனதில் நின்றது அணைக்காதே என்பது மட்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்காது என்று தன் டேபிள் ஃபேனை நிறுத்திவிடுவாள். நெஞ்சு நோயோடு, மூச்சு முட்ட, பங்குனிச் சூட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டு கிடப்பாள். நான் கம்ப்யூட்டரை நிறுத்தப் போனால், தொடண்டாம், பிள்ள சொல்லீட்டுப் போனதாக்கும், நின்னா அவனுக்க பாடெல்லாம் வீணாப் போவும் என்பாள். நீ வாரந்தோறும் கூப்பிட்டு எத்தனை சதவீதம் ஆச்சு என்று கேட்பாய், அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்லுவாள். ஃபேன் ஓடாததால் செத்தாள் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அவள் போன அன்று ஐஸ் பெட்டிக்கு ப்ளக் வேண்டுமென்று சிவபிரசாத் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினான். அவள் காத்தது போச்சே என்று நான் அவனை அடிக்கக் கை ஓங்கினேன். லீவு கிடைக்கவில்லை என்று வீடியோவில் அழுதுகொண்டிருந்த நீ அழுகையை நிறுத்தி, சாரமில்ல அப்பா, போட்டும், பொறவு ஆன் பண்ணினா நின்ன எடத்துலே இருந்து ஓடிக்கிடும் என்றாய். அது உனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவள் காத்ததாயிற்றே என்று பிறகும் ஓடவிட்டேன். சாதாரண வகுத்தலுக்கு நேர்மாறாக, இந்தச் சோதனையில் கடைசி மீதி பூஜ்யமாக வந்தால்தான் பகா எண். வரவில்லை. அது எதாலோ வகுபடும், எதால் என்று இந்தச் சோதனை சொல்லாது.

பலி சிவபிரசாத் போடுவான். கொள்ளி வைத்தவனும் அவன்தான். கடல் ஏறிப் பொழியூர் ரோட்டைத் தின்றுவிட்டது, அவன் பைக்கில் போய்விடுவான். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். எதனால் என்று என்னிடம் கேட்காதே. அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நட, நேரத்துக்குச் சாப்பிடு, தீர்க்காயுசாக இரு. மேலே எழுதியதையெல்லாம் மறந்துபோகாத அளவுக்கு உனக்குப் புத்தியும் நிலைக்கட்டும்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அந்த ப்ளக்கில் இப்போது அவள் ஃபேன் ஓடுகிறது, வெறுங்கட்டிலைப் பார்த்து.

உன்னைப் பெற்ற
தாணுலிங்கம்