கொசுறு வராத பெட்டி

இன்று காலை கத்தரிக்காய் நறுக்கும்போது கத்திப் பிடியோரத்தில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். மெழுகு. சனிக்கிழமை உங்கள் பாட்டிலைத் திறந்தபோது ஒட்டியிருக்க வேண்டும். உள்ளங்கைச் சூட்டில் இளகி, அணைந்த மெழுகுவத்தி மாதிரி மணத்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. விபூதித் தட்டின் ஓரத்தில் வைத்தேன். பீர் பாட்டில் மெழுகை நானே சாமி அலமாரிக்குக் கொண்டுபோனதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

முதல் பெட்டி வந்த அன்று எவ்வளவு சண்டை போட்டேன்! "சாமி இருக்கற வீடுங்க இது."

"சாமி மேல இருக்காரு, இது பேஸ்மென்ட்ல இருக்கும். நடுவுல ஒரு மாடியே இருக்கேடி."

"வீட்டுக் கணக்குல இதை எதுல எழுதறது?"

"விருந்தோம்பல்னு எழுது."

அப்படியேதான் எழுதினேன். விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறிய கறுப்பு பீர். காசுக்கு விற்காமல், பாட்டிலுக்குப் பாட்டில் மாற்றிக்கொள்ளும் கூட்டம் ஒன்று ஊர் ஊராக இருந்தது உங்களுக்கு. காலி பாட்டிலில் மலிவு பீரை ஊற்றி, மூடியைப் புது மெழுகில் முக்கி அனுப்புகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அதனால் எது வந்தாலும் சோதனைதான். டார்ச் பிடிக்க நின்ற நான், ஒரு வாய்கூடக் குடிக்காமலேயே, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். பழைய மெழுகு மங்கி, வெடித்து உதிரும். புது மெழுகில் நகம் இறங்கும். பழைய பாட்டிலைச் சாய்த்தால் அடியிலிருந்து ரசத்து மண்டி போலக் கலங்கி எழ வேண்டும்.

ஆனால் நீங்கள் பாட்டிலைத் தொடும் முன்பே கேட்பது வேறு. "கொசுறு என்ன வந்துச்சு?" பேசிய பாட்டிலோடு, கேட்காமலேயே இன்னொன்றைச் சேர்த்து வைப்பது அந்தக் கூட்டத்தின் மரியாதை. அவர்கள் அதற்கு ஏதோ ஆங்கிலப் பேர் சொல்வார்கள். உங்களுக்கு அது காய்கறிக்காரர் போடும் கறிவேப்பிலைதான். "கொசுறு போடாதவன் கை அளக்கற கைடி. முதல்ல அவனைச் சந்தேகப்படு, அப்புறம் பாட்டிலை."

பாப்பா பிறந்த வருஷத்துப் பாட்டிலுக்காக எத்தனை காலம் அலைந்தீர்கள்! இருபத்தொரு வயதாகி, இந்த ஊர்ச் சட்டப்படி அவள் குடிக்கலாம் என்றாகும் நாளில் முதல் வாய் உங்கள் கையால் ஊற்ற வேண்டும்.

"பொண்ணுக்கு அப்பாவே ஊத்திக் குடுப்பாரா?" என்று கேட்டேன்.

"வெளிய போய்க் குடிக்கத்தான் போறா. நல்லதுன்னா எப்படி இருக்கும்னு வீட்டுல தெரிஞ்சுக்கட்டும்."

கடைசியில் டெக்சஸில் ஒருவரிடம் கிடைத்தது. இருந்ததிலேயே நல்ல பாட்டில்களாகப் பொறுக்கி அவருக்கு அனுப்பினீர்கள். அவருடைய பெட்டி நம் மான்மவுத் ஜங்ஷன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, ஹாலில் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள். கீமோவில் மூக்கு போயிருந்தது, கண் மங்கியிருந்தது, விரல் நுனியெல்லாம் மரத்திருந்தன. உங்கள் எதிரிலேயே பெட்டியைப் பிரித்தேன்.

"கொசுறு என்ன வந்துச்சு?"

பெட்டியின் அடிவரை கைவிட்டுத் துழாவினேன். "ஒண்ணும் இல்லீங்க."

பேசாமல் இருந்தீர்கள். பாட்டிலை உங்கள் மடியில் வைத்தேன். கட்டைவிரல் மெழுகின் மேல் ஊர்ந்தது, நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அசல்தான். பத்திரமா எடுத்து வை."

பேஸ்மென்டுக்குக் கொண்டுபோய் வைக்கும்போது என் நகம் மெழுகில் இறங்கியது. சாய்த்துப் பார்த்தேன். மண்டி எழவில்லை. மாடியேறி வந்து உங்களுக்குக் கஞ்சி ஊட்டினேன். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சில வாரங்களில் கட்டிலை எடுத்துப்போக ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பேஸ்மென்ட் விளக்கைப் போடும்போதெல்லாம், அந்த அலமாரிக்கு முன்னால் நீங்கள் முதுகைக் காட்டி நிற்பது போலவே இருக்கிறது. திரும்ப மாட்டீர்கள். தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா? மரத்த விரலை நம்பி ஏமாந்திருக்கலாம். ஆனால் கொசுறு வரவில்லை என்பதைக் கேட்க விரல் எதற்கு, கண் எதற்கு?

சனிக்கிழமை பாப்பா இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்காகக் காலேஜிலிருந்து வந்தாள். "அம்மா, லெட்ஸ் டூ அப்பாஸ் பாட்டில்" என்று அவளே கீழே போய் எடுத்துவந்தாள். கேட்டால் மறைக்கக் கூடாது, கேட்காவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்று சாமியிடம் சொல்லிவிட்டு நின்றேன். கத்தி பட்டதும் மெழுகு வெடிக்கவில்லை. பாலாடை போல உரிந்தது. மூடியைத் திறந்தாள். காப்பிப் பொடி வாசனை, கருகிய சர்க்கரை வாசனை. மரத்தின் வாசனை துளிகூட இல்லை. இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை உங்கள் படத்தின் முன் வைத்தாள். நான் தடுக்கவில்லை.

ஒரு வாய் குடித்தாள். டம்ளரைச் சுழற்றிக்கொண்டே நின்றாள். எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், சுத்தத் தமிழில் கேட்டாள்: "கொசுறு என்ன வந்துச்சும்மா?"

சின்ன வயதில் பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பாளே, நினைவிருக்கிறதா?

"ஒண்ணும் வரலடா."

பேசாமல் இருந்தாள். உங்கள் படத்தைப் பார்த்தாள். பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இட்ஸ் ரியல், அம்மா" என்றாள். மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

அந்த மௌனம் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வரும் குரலும் தெரியும். இத்தனை நாள் நான் கேட்டதற்கு அவள் வாயால் பதில் சொல்லிவிட்டீர்கள்.

நிம்மதி மட்டும் வரவில்லை. தெரிந்துதான் சொன்னீர்கள் என்றால், அத்தனை நாளும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலில் தனியாகவா படுத்திருந்தீர்கள்? கைக்கெட்டும் தூரத்தில், அதையே நெஞ்சில் வைத்துக்கொண்டு, நானும் உட்கார்ந்திருந்தேனே.

இப்போதும் வாசலுக்கு எந்தப் பெட்டி வந்தாலும், வந்த பொருளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடிவரை கைவிட்டு ஒரு தரம் துழாவிப் பார்க்கிறேன்.