ஆரோக்கியம் அண்ணனின் கேள்வித்தாள்கள்

நவம்பர் 11, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஷட்டர் பாதி வரைதான் ஏறுகிறது, எண்ணெய் விடணும். விழுப்புரம் அச்சக முதலாளி போன். பள்ளிக்கூடங்களின் அரையாண்டுக் கேள்வித்தாள் ஒன்றுகூட அவர் மேசைக் கம்ப்யூட்டரில் தெரியவில்லையாம். டைப் செய்யும் ஆரோக்கியம் அண்ணன் தன் மெஷினில் எல்லாம் இருக்கிறது என்கிறாராம்.

திண்டிவனத்தில் கடையில் உட்கார்ந்தபடியே ரிமோட்டில் பார்த்தேன். ஆன் செய்ததும், எல்லாருக்கும் பொதுவான சர்வரின் ‘வேலை’ ஃபோல்டர் அண்ணன் மெஷினோடு தானாக இணைய வேண்டும். இணையவில்லை. கையால் இணைத்தேன். திறந்தால் போன மாத வேலைகள் மட்டும். கேள்வித்தாள் இல்லை.

“காலைலகூட இதுலதாம்மா பாத்தேன்” என்றார் அண்ணன், ஸ்பீக்கரில்.

“சேவ் பண்ணாம மூடியிருப்பீங்கண்ணா. இல்லாட்டி டெலீட் ஆயிருக்கும்.” முதலாளிக்கும் கேட்கும்படி சொன்னேன்.

முதலாளி: “வயசாயிடுச்சு, இன்னா பண்றது.”

மதியம் எலுமிச்சை சாதம், உப்பு கம்மி.

நவ. 13, வியாழன்

மழை விட்டது. வாங்க: மவுஸ், லேன் கேபிள், அம்மாவுக்குத் தைலம். ஃபோல்டர் சரியாக இணைகிறதா என்று கேட்க அச்சகத்துக்கு போன். அண்ணன்தான் எடுத்தார். எல்லாம் மறுபடி முதலிலிருந்து டைப் செய்கிறாராம்.

“அடிச்சிக்கினே இருக்கேம்மா. எங்கப்பாரு கடைசில பெத்த புள்ளயவே யாருன்னு கேட்டாரு. எனக்கும் அப்படித்தான் ஆவுதோ இன்னாவோ.”

நாளை பாண்டிச்சேரியில் தலைக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறார். வீடு கண்டமங்கலம், அங்கிருந்து பக்கம்தான். மனைவியும் கூடப் போகிறாராம். “ரெஸ்ட் எடுங்கண்ணா” என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

நவ. 14, வெள்ளி

வி.புரம், நேரில். ராத்திரி கரண்ட் போய் வந்ததில் ஃபோல்டர் மறுபடி இணையவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் மெஷினில் அதே ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே, காணாமல் போன அதே கேள்வித்தாள்கள். ஏழாம் வகுப்பு அறிவியல், எட்டாம் வகுப்பு சமூக அறிவியல், எல்லாம்.



விஷயம் இதுதான். கரண்ட் வந்ததும் மெஷின் முந்திக்கொள்கிறது, நெட்வொர்க் பெட்டி மெதுவாகத்தான் எழும். சர்வர் கிடைக்காத மெஷின், தன் டிஸ்க்கிலேயே அதே பெயரில் இருக்கும் வெற்று ஃபோல்டரைக் காட்டுகிறது. அண்ணன் அதில் ஒழுங்காகத்தான் சேவ் செய்திருக்கிறார். நான் கையால் இணைத்தபோது சர்வர் ஃபோல்டர் அதன் மேல் வந்து மூடிவிட்டது. தரையில் கிடந்த சாவி மேல் பாயை விரித்த மாதிரி. விரித்தவள் நான். இந்த இணைப்பை அமைத்துக் கொடுத்தபோது, நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்று ஒரு வரி எழுதாமல் விட்டவளும் நான்.

அந்த வரியை எழுதினேன். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இணைகிறது.

முதலாளி எட்டிப் பார்த்தார். “கெடச்சிடுச்சா? கெட்டிக்காரிதான். அந்தாளுக்கு பதிலா வேற ஆள் பாத்துக்கினு இருக்கேன். மறதி வந்துட்டா இந்த வேல ஆவாது.” டீ வாங்கி வரச் சொன்னார்.

“ரெகவர் பண்ணிட்டேன் சார்.” இதுதான் என் வாயில் வந்தது. டீயையும் குடித்தேன். சீ.

நவ. 15, சனி

கோலியனூர் ஜெராக்ஸ் கடையில் பிரிண்டர் வேலை. ரோலர் மாற்றியது. அச்சகப் பக்கம் போகவில்லை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போவது.

தி.வனம் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் போன். “ஸ்கேன்ல ஒன்னுமில்லன்ட்டாங்கம்மா. ஆனா மறதி எப்படி வந்துதுன்னுதான் தெரில. பேப்பரெல்லாம் நீதான் மீட்டுக் குடுத்தியாமே. நல்லா இருக்கணும்மா நீ.”

காது சுட்டது. பக்கத்து சீட்டு அம்மா மல்லாட்டை உரித்துக் கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சேவ் செய்ததெல்லாம் சரி அண்ணா, மூடினது நான், பழியை உங்கள் மேல் போட்டதும் நான்.

திட்டுவார் என்று இருந்தேன். போனைத் தள்ளி வைத்துப் பேசுவது கேட்டது. “ஏ மேரி, நான் இல்லியாம். நான் சரியாத்தான் பண்ணிருக்கேனாம்.” இன்னொரு தரமும் அதையே சொன்னார். அவர் மனைவி அழுகிற சத்தம்.

அப்புறம் என்னிடம், மெதுவாக: “இத மொதலாளியாண்டயும் ஒரு வார்த்த சொல்லிடுமா.”

பாதி வழியில், கூட்டேரிப்பட்டில் இறங்கி, எதிர்ப் பக்கம் போய் விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றேன்.